பின்கதவில் அரை அங்குலம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பல்லடம் சாலையில் ஒரு கல்யாணம். பந்தியில் அமர்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க சார்... அந்த மரத்தளம் போட்டு முடிச்சுட்டீங்களா? கடைசீல எவ்வளவுங்க ஆச்சு?"

முன்பின் அறிமுகமில்லாதவர். இந்தப் பத்தியின் வாசகராம். வீட்டுத் தோட்டத்தில் மரத்தளம் போடுவதற்கு எவ்வாறு பட்ஜெட் போட வேண்டும் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பு இதே பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைக் கத்தரித்து வைத்திருக்கிறாராம். அதைப் பார்த்தே தம் வீட்டு மொட்டை மாடிக்கும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாராம்.

"முடிந்தது. விவரமாக எழுதுகிறேன்" என்றேன்.

நல்லவேளையாகச் சாம்பார் வந்தது. பேச்சு அத்துடன் நின்றது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஏனென்றால், அந்தக் கட்டுரையை இப்படி முடித்திருந்தேன்: 'பட்ஜெட்டை மீறுகிறவர் ஊதாரி அல்லர், உட்கார்ந்து யோசிக்காதவர்.' எழுதிய அன்று அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் மனைவிக்கு இருமுறை வாசித்துக் காட்டினேன். அவள், "நல்லாருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

என்னை நம்பி ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். இனி நடந்ததை எழுதாமலிருப்பது முறையன்று. ஆகவே எழுதுகிறேன்.

புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பி.காம். படித்தவன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் காஸ்டிங் பார்த்தேன். ஒரு டி-சர்ட்டுக்கு நூல் எவ்வளவு, பின்னல் கூலி எவ்வளவு, சாயம் எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, தையல் எவ்வளவு, அட்டைப்பெட்டி எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கிட்டு, சட்டை வாங்கும் வெளிநாட்டு பையருக்கு விலை சொல்லும் வேலை. விலையைக் கூட்டிச் சொன்னால் ஆர்டர் போய்விடும். குறைத்துச் சொன்னால் முதலாளியே போய்விடுவார். 'அவர் போட்ட ஷீட்டைத் திருத்த வேண்டியதே இல்லை' என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நான் மறுத்ததில்லை.

சரி, ஓய்வு பெற்ற ஒரு மனிதனுக்குத் தோட்டத்தில் மரத்தளம் எதற்கு?

அதற்கு மரகதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மரகதம் என் மனைவி. சென்ற ஐப்பசி மழையில் வீட்டுப் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, ஆறு வாரப் படுக்கை, பிறகு வாக்கர். முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள் வைத்த வாக்கர் அது. தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கத் தேறிவிட்டாள். ஆனால் பின்கதவுக்கு அப்பால் இரண்டு படிகள். படிகளுக்குக் கீழே மேடும் பள்ளமுமாக மண்.

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பின்புறத்தைப் பொடக்காளி என்போம். எங்கள் பொடக்காளி முழுவதும் மரகதம் வைத்த செடிகள். கறிவேப்பிலை, முல்லை, செம்பருத்தி, இரண்டு எலுமிச்சை, எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு பன்னீர் ரோஜா. விழுவதற்கு முன்பெல்லாம் காலையில் ஆறு மணிக்கு அங்கே போனால், காபிக்கு நான் மூன்று முறை கூப்பிட வேண்டும்.

விழுந்த பிறகு எட்டு மாதங்கள் அவள் அங்கே கால் வைக்கவில்லை.

"வெளியே காத்தாட நடந்தாத்தான்மா கால்ல தெம்பு வரும்" என்று பிசியோதெரபிப் பெண் வாரந்தோறும் சொல்லிவிட்டுப் போவார். மரகதம் தலையாட்டுவாள். கதவு வரைக்கும் போவாள். படியைப் பார்ப்பாள். திரும்பிவிடுவாள்.

மகள் ஊருக்கு வந்திருந்தபோது நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி இறக்கிவிடுவதாகச் சொல்லிப் பார்த்தோம்.

"தூக்கி எறக்கறதுக்கு நானென்ன நூல் மூட்டைங்களா?" என்றாள்.

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. நாற்பத்திரண்டு ஆண்டு அனுபவம்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள்தான் ஒருநாள் செல்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். யாரோ ஒருவர் வீட்டின் பின்கதவை ஒட்டி, கதவின் மட்டத்துக்கே மரப்பலகைகளால் தளம் அமைத்திருந்தார்கள். படியே இல்லை. வீட்டின் தரை அப்படியே தோட்டத்துக்குள் நீண்டதுபோல இருந்தது. 'அப்பா, இப்படிப் போட்டால் அம்மா வாக்கரோடயே போயிரலாமே' என்று கீழே எழுதியிருந்தாள்.

அன்று மாலையே நான் ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி.

பஷீர் பாயைக் கூப்பிட்டேன். முதலிபாளையம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர். பனியன் கம்பெனிகளுக்கு கட்டிங் டேபிள் செய்து தருவதுதான் அவருடைய முதல் தொழில். நாற்பதடி, ஐம்பதடி நீளமுள்ள மேசைகள். அவற்றின்மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுவார்கள். எங்கள் நிறுவனத்துக்கும் அவர்தான் செய்தார். இப்போது வீடுகளுக்கு மரத்தளமும் போடுகிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அளந்து பேசுவார்.

"சார், தேக்குல போட்டா வெலை தாங்காதுங்க. நம்ம மண்ணுல கரையான் வேற. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து பலகை வருது, அதுல போட்டுக்கலாம். மேல பலகை மட்டும் பாக்காதீங்க. கீழ இரும்பு பிரேம் இருக்குது, கிளிப் இருக்குது, ஓரத்துக்குப் பட்டி இருக்குது, மழைத்தண்ணி போறதுக்கு வழி பண்ணோணும். பலகை பாதிக் காசுன்னா, கண்ணுக்குத் தெரியாதது மீதிப் பாதிங்க."

இந்த வாக்கியத்தைத்தான் சென்ற கட்டுரையில் என்னுடையதுபோல எழுதியிருந்தேன். அதற்கும் இப்போது வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அது பஷீர் பாய் சொன்னது.

அவர் கொடுத்த கொட்டேஷனில் பத்து வரிகள். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பலகைச் சேதாரத்தைக் குறைத்தேன். வண்டி வாடகையில் கை வைத்தேன். ஏழாவது வரிக்கு வந்தேன்.

"இதென்ன பாய், உயரம் மாற்றும் ஸ்டாண்ட்? முப்பத்தாறு எண்ணமா?"

"அது திருகி ஏத்தி எறக்கற ஸ்டாண்டுங்க சார். சிமென்ட் கட்டை, அது மேல பிரேம், அது மேல பலகை, எல்லாமே கம்பெனி அளவுலதான் வரும். கூட்டிப் பாத்தா உங்க நெலப்படிக்கு அரை இஞ்ச் கொறையுது. இந்த ஸ்டாண்டு போட்டோம்னா மட்டத்துக்கு மட்டம் நிறுத்திரலாம்."

"அரை இஞ்ச்தானே?"

"அரை இஞ்ச்தாங்க..."

"டாலரன்ஸுக்குள் வருகிறது, பாய்."

அடித்துவிட்டேன். ஒரே கோடு. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம்.

பனியன் தொழிலில் இல்லாத வாசகர்களுக்கு டாலரன்ஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பின்னலாடை இழுபடும் துணி. ஒரு சட்டையின் மார்பளவு இருபது அங்குலம் என்று பையர் எழுதியிருந்தால், எல்லாச் சட்டையும் சரியாக இருபதாகவே இருக்காது. அரை அங்குலம் கூடலாம், குறையலாம், பையர் ஏற்றுக்கொள்வார். அளவு அட்டையிலேயே அந்தச் சலுகை அச்சாகியிருக்கும். முப்பத்தொரு ஆண்டுகள் அந்த அட்டையைப் பார்த்த கண்ணுக்கு, அரை அங்குலம் என்பது ஓர் அளவே அல்ல. 'பாஸ்' என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லும் சங்கதி.

பஷீர் பாய் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரிங்க சார்" என்றார்.

மொத்தம் ஒரு லட்சத்து எட்டாயிரம். அதைத்தான் சென்ற கட்டுரையில் வரிவரியாக அச்சிட்டிருந்தேன்.

நான்கு நாட்களில் வேலை முடிந்தது. அழகான வேலை. காபிக்கொட்டை நிறத்தில் பலகைகள், இடைவெளியெல்லாம் நூல் பிடித்ததுபோல. மொத்தக் கணக்கில் எழுநூறு ரூபாய் மீதம் வேறு!

மரகதத்தின் தம்பி ரங்கசாமி பார்க்க வந்திருந்தான். நெருப்பெரிச்சலில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறான். வாயும் ஒரு யூனிட் அளவுக்கு உண்டு.

"மாமா, செலவு பண்ணிப் போட்டுட்டு அதுலயும் மிச்சம் புடிச்சுட்டீங்களே! எங்கக்காளுக்குப் பட்டுச் சேலை எடுத்தப்பக்கூட இப்பிடித்தான் மிச்சம் புடிச்சீங்க."

"மாப்பிள்ளை, நீ முதலில் காபியைக் குடி" என்றேன். சிரித்தோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"மரகதம், வா" என்று கூப்பிட்டேன்.

அவள் நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அதை நான் அப்போதுதான் கவனித்தேன். தோட்டத்துக்குப் போவதற்கு யாராவது நல்ல சேலை உடுத்துவார்களா? அவள் உடுத்தியிருந்தாள். தலையில் பூக்கூட வைத்திருந்தாள்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு மெதுவாகக் கதவு வரைக்கும் வந்தாள். நானும் ரங்கசாமியும் வெளியே தளத்தின்மேல் நின்றிருந்தோம். வாக்கரின் முன்சக்கரங்கள் நிலைப்படிக் கல்லைத் தாண்டின.

'டொக்.'

சக்கரங்கள் அரை அங்குலம் கீழே விழுந்த சத்தம். அவ்வளவுதான். நீங்களும் நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டே இருக்க மாட்டோம். ஆனால் வாக்கர் முன்பக்கம் சாய்ந்தது. அதைப் பிடித்திருந்தவளின் உடம்பும் அதனுடன் சாய்ந்தது. ஒருமுறை விழுந்த உடம்பு அல்லவா... அதற்கு அந்த அரை அங்குலம் அடியில்லாத கிணறு.

நான் கை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை. பின்னால் இழுத்தாள். இழுக்கும்போது சக்கரங்கள் அந்த விளிம்பில் முட்டிக்கொண்டன. இருமுறை முட்டின. மூன்றாவது முறை வாக்கரைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"என்னாச்சுங்கக்கா?" என்றான் ரங்கசாமி.

"ஒன்னுமில்ல சாமி. வெயிலாட்டம் இருக்குது. பொறவு வர்றன்."

மணி மாலை ஐந்தரை. வெயிலே இல்லை.

அடுத்த எட்டு நாட்களை எப்படி எழுதுவது?

சண்டை எதுவும் இல்லை. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் கதவுக்கு உட்புறமாக ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் வெளியே, தளத்தின்மேல், ஒரு நாற்காலியில். இருவருக்கும் நடுவே நிலைப்படிக் கல். காபி டம்ளரை அவள் உள்ளிருந்து நீட்டுவாள். நான் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வேன்.

"நீயும் வெளியே வாயேன்" என்று மூன்றாம் நாள் கேட்டேன்.

"இங்கயே நல்லாத்தானுங்க காத்து வருது. எனக்கென்ன கொறச்சல்? நீங்க உக்காருங்க. உங்குளுக்குப் புடிச்ச மாதிரி அமைஞ்சிருக்குது."

குத்தல் எதுவுமில்லாமல்தான் சொன்னாள். உண்மையாகவே என் சந்தோஷத்துக்காகச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஏழாம் நாள் பிசியோதெரபிப் பெண் வந்து தளத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏம்மா போகல?" என்று கேட்டார். "சார் கஷ்டப்பட்டு இவ்ளோ செலவு பண்ணிப் போட்ருக்காருல்ல?"

"போறனுங்க கண்ணு. காலுதான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்றா சொன்னேன்? பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பஷீர் பாய்க்குத் தொலைபேசி செய்தேன்.

அவர் வந்தார். கதவருகே குந்தி உட்கார்ந்தார். கல்லிலிருந்து பலகைக்கு விரலை ஓட்டினார். விரல் விளிம்பில் இறங்கியது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"சார், ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கள் பாய்."

"உங்க கம்பெனிக்கு மொதமொத நாற்பதடி டேபிள் போட்டுக் குடுத்தேன், ஞாபகமிருக்குதுங்களா? ஜாயின்ட்டுல நகத்தை வச்சு இழுத்துப் பாத்தீங்க. ஒரு எடத்துல நகம் தட்டுச்சு. ஒரு காயிதம் கனம்கூட இருக்காதுங்க. 'துணி மாட்டிக்கும் பாய், கழட்டு'ன்னீங்க. ரெண்டு நாள் கழட்டிப் போட்டு எழச்சுக் குடுத்தேன்."

"ஆமாம்."

"துணிக்கு அவ்வளவு பாத்தீங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார்.

நானும் குனிந்து அந்த விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன். செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு வந்து உட்கார்ந்து, பொறுமையில்லாமல் பறந்து போயிற்று.

கட்டிங் டேபிளில் விரிக்கிற துணிக்குக் காகித கனம் ஆகாது என்று எனக்குத் தெரியும். சட்டையின் மார்பளவில் அரை அங்குலம் ஆகும் என்றும் தெரியும். எந்த இடத்தில் எந்த அளவு என்று தெரிந்ததனால்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் என் வீட்டுக் கதவில் நான் தவறான அட்டையை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். நூற்று நாற்பத்து நான்கு சதுர அடியையும் அளந்தவன், வாக்கரின் சக்கரத்தை அளக்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு வரப்போகிறவளை, 'உனக்கு இது போதுமா?' என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

"கழற்றிவிடுங்கள் பாய்" என்றேன்.

"முழுசும் எடுக்கோணுங்க சார். ஒரு பக்கம் மட்டும் தூக்குனா பிரேம் முறுக்கிக்கும், நடுவுல பலகை ஆடும்."

"முழுவதும் எடுங்கள். அந்த ஸ்டாண்ட் முப்பத்தாறையும் போடுங்கள்."

இனி, கல்யாண வீட்டில் கேட்ட நண்பருக்கான விவரம். ஸ்டாண்டுகளுக்குப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. முன்பே போட்டிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். இப்போது கழற்றி மாட்டும் கூலி ஒன்பதாயிரம், கழற்றும்போது உடைந்த கிளிப்புகளுக்கும் பலகைகளுக்கும் நாலாயிரம். பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இருபத்தைந்தாயிரத்து அறுநூறு செலவு. மரத்தளம் போடுகிறவர்கள் தயவுசெய்து பலகையின் விலையைப் பேரம் பேசுங்கள், நிறத்தில் விட்டுக்கொடுங்கள், அகலத்தைக்கூட ஓரடி குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதவும் தளமும் சேருகிற இடத்தில் கை வைக்காதீர்கள். முக்கியமாக, அந்த வழியாக நடக்கப்போகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள்.

பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த நேரம் பார்த்தா ரங்கசாமி வர வேண்டும்?

வந்தான். பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன மாமா, ரீவொர்க்குங்களா? உங்க ஊட்லயே ரீவொர்க்கா! கம்பெனில எத்தன பேர இதுக்குன்னே நிக்க வச்சு வாங்கியிருப்பீங்க! யாரு மாமா மிஸ்டேக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஷீர் பாய், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே, "அளவுல நாந்தாங்க கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் எனக்காகப் பழியை ஏற்கத் தயாராக இருக்கிறார். நான் சும்மா இருந்தால் போதும். தலையை லேசாக ஆட்டக்கூட வேண்டாம். நாளைக்குள் ஒறம்பரை சொந்தங்கள் முழுக்க 'பாய் அளவைத் தப்பாக எடுத்துவிட்டாராம், மாமா கழற்றிப் போட வைத்துவிட்டாராம்' என்று பரவும். என் பெயருக்கு இன்னும் மெருகு.

ஒரு கணம் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

"பாய் சரியாகத்தான் சொன்னார், மாப்பிள்ளை. நான்தான் அடித்தேன். என் தப்பு" என்றேன்.

ரங்கசாமி சிரிப்பதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டான். கேலி செய்ய வந்தவனுக்கு இடமே கொடுக்காமல் போனதில் அவனுக்கு ஏமாற்றமாகவும் இருந்திருக்கலாம். பஷீர் பாய் ஸ்பேனரைத் திருகத் தொடங்கினார். கொஞ்சம் வேகமாகவே திருகினார்.

பின்கதவுக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மரகதம் உட்கார்ந்திருந்த இடம் அது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அன்று மதியம் சாப்பிடும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நெசமாலுமே நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆமாம்."

"நாங்கூட எங்காலுதான் செத்துப் போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க. இந்தத் துளியூண்டு பள்ளத்தையே தாண்ட முடியலீன்னா, இனி எங்க போயி நடக்கறதுன்னு..."

ரசம் இலையைத் தாண்டி ஓடியது. துடைத்தாள்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? அவள் பயந்துவிட்டாள் என்று. கோபித்துக்கொண்டாள் என்று. எட்டு நாட்களாக அவள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது தன் காலை! என் சிவப்புக் கோட்டுக்கான பழியை அவளுடைய கால் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு மௌனமாக இருந்த ஒவ்வொரு நாளும் அவள் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் காலில் ஒரு கோளாறும் இல்லை மரகதம். என் கணக்கில்தான்" என்றேன். இரண்டாவது முறை சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மூன்று நாட்களில் தளம் திரும்பவும் எழும்பியது. பஷீர் பாய் கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? மட்டப்பலகையை ஓரமாக வைத்துவிட்டு மரகதத்தைக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க வாக்கரைச் சித்தெ குடுக்கறீங்களா?"

அதை வாங்கி, தன் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளேயிருந்து வெளியே, வெளியேயிருந்து உள்ளே என்று நாலு தடவை நடந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஆறடி உயரம், இடுப்பளவு வாக்கரில் குனிந்துகொண்டு நடக்கிறார்! மரகதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இரண்டு இடங்களில் நின்று, "இங்கெ ரவ தட்டுதுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கீழே படுத்து ஸ்டாண்டைத் திருகினார். மறுபடியும் நடந்தார்.

"இனி நீங்க பாஸ் பண்ணுங்கம்மா. சார் பாஸ் பண்ண வேண்டாம்."

நியாயமான பேச்சு. நான் ஒதுங்கி நின்றேன்.

மரகதம் அன்று பாஸ் பண்ணவில்லை. ஆட்கள் இருக்கும்போது வேண்டாம் என்றாள். மறுநாள் காலையில், காபி குடித்து முடித்ததும், தானாக எழுந்தாள். இந்த முறை நல்ல சேலை இல்லை. வீட்டில் உடுத்தும் பழைய நூல் சேலை.

"நீங்க முன்னால நிக்காதீங்க. பக்கத்துலயும் வராதீங்க. கையை நீட்டாதீங்க."

"சரி."

"மூச்சையும் அப்பிடிப் புடிச்சுக்காதீங்க. எனக்குப் பயமாருக்குது."

மூச்சை விட்டேன்.

வாக்கர் நகர்ந்தது. முன்சக்கரங்கள் கல்லுக்கு வந்தன. அவள் நின்றாள். கண்ணை அந்த இடத்திலேயே வைத்திருந்தாள். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும்.

பிறகு தள்ளினாள். சக்கரங்கள் கல்லிலிருந்து பலகைக்குப் போயின. சத்தமே இல்லை. வாக்கரின் பின்கால்கள் போயின. அவளுடைய வலது கால் போயிற்று. அறுவை செய்த இடது கால் ஒரு நொடி உள்ளேயே யோசித்துக்கொண்டு நின்றது... அதுவும் போயிற்று.

எட்டு மாதங்களுக்குப் பிறகு மரகதம் பொடக்காளியில் நின்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க... இதை இப்பிடி மொட்டையடிச்சது யாருங்க?"

"நான்தான். வளர்ந்துகொண்டே போயிற்று..."

"வளரும்! செடின்னா வளராம சுருங்குமா? எலுமிச்சைக்கு அடில இத்தன களை! முல்லைக்குப் பந்தலெங்க? எட்டு மாசமா இங்க என்னத்தப் பாத்துட்டு இருந்தீங்க?"

ஒவ்வொரு செடியாகத் திட்டினாள். அல்லது, ஒவ்வொரு செடியின் சார்பாகவும் என்னைத் திட்டினாள். அவ்வளவு நேரம் அவள் உட்காராமல் நின்றுகொண்டிருக்கிறாள் என்பதை அவளே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை.

சற்று நேரத்தில் எலுமிச்சைக்கு மேலே வெயில் ஏறிவிட்டது.

"சரி மரகதம், வா. உள்ளே போகலாம். பிடித்துக்கொள்கிறேன்."

"நீங்க போங்க. நான் மெதுவா வர்றன்."

போனேன். கதவு வரைக்கும்தான் போனேன். உட்புறமாக ஒதுங்கி, அவள் கண்ணில் படாமல், அங்கேயே நின்றுகொண்டேன்.

"உள்ள போங்கன்னு சொன்னனுங்க!" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.